பெங்களூருவுக்கு எத்தனை எழுத்து?

கேள்வி: யூனிகோடில் கொரிய மொழிக்குப் பதினோராயிரம் இடம், 247 எழுத்துள்ள தமிழுக்கு வெறும் 128 இடமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: பெங்களூருக்காரருக்கு சைட் கணக்கில் சொல்கிறேன். கொரியர்களுக்குக் கிடைத்தது 11,172 மனைகள் கொண்ட லேஅவுட். முதல் மெய் 19, உயிர் 21, இறுதி மெய் 28 வகை (அது இல்லாததும் ஒரு வகை). பெருக்கிப் பாருங்கள். 1996-இல் யூனிகோட் 2.0 வந்தபோது கொரிய எழுத்துகளைப் பழைய இடத்திலிருந்தே கிளப்பி, அசைகள் அத்தனைக்கும் வரிசையாகப் பட்டா கொடுத்தார்கள். அதன்பின், குடியேறிய எழுத்தை இனி இடம் மாற்றுவதில்லை என்று விதி போட்டுவிட்டார்கள்!

நமக்கு வந்தது இந்திய அரசின் இஸ்கி தரத்தின் வரிசை. அதில் 'கூ' தனி எழுத்தல்ல. 'க' ஒன்று, துணைக்குறி ஒன்று. 'பெங்களூரு' என்று எழுதினால் நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. இது எனக்கு உறுத்தல்தான். உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ்-16 முறையை 2010-இல் தமிழக அரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்றது. ஆனால் உலகம் யூனிகோடிலேயே தட்டச்சு செய்கிறது. ஆகவே எழுத்தை எண்ணும் நிரல், குறியை அல்ல, முழு உயிர்மெய்யை எண்ண வேண்டும். உங்கள் ஊர் மென்பொருள்காரர்களிடம் இதை நீங்கள் வற்புறுத்தலாம்.

கன்னடத்துக்கும் இதே வரிசைதான். யூனிகோடில் தமிழ் 'க'வின் எண் 2965. அதோடு 256 கூட்டினால் கன்னட 'க' வந்து நிற்கும்.