முதலில் நோட்டு, அப்புறம் காலண்டர்

இந்த இதழின் கேள்விகள் மார்டள்ளியிலிருந்து. மாதேஸ்வரன் மலையை ஒட்டிய இந்தத் தமிழ் ஊர் இன்று சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் தாலுக்காவில் இருக்கிறது. 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது.

கே: காலண்டர் தாளில் என் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்று போட்டிருந்தால் அன்றைக்குக் கடையில் கட்டாயம் ஒரு சண்டை. அதெப்படி ஐயா இவ்வளவு சரியாக இருக்கிறது? – மளிகைக் கடைக்காரர்

ப: காலையில் தாளைக் கிழித்துப் படித்துவிட்டுச் சண்டைக்குத் தயாராகத்தானே கடையைத் திறக்கிறீர்கள்! நிலா உங்கள் ராசிக்கு எட்டாம் ராசியில் நிற்கும் இரண்டேகால் நாள் சந்திராஷ்டமம். பன்னிரண்டு ராசிகளில் ஏதோ ஒன்றுக்கு அது எந்நேரமும் நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டாம் பியுசி கணக்குத் தேர்வன்று கர்நாடகப் பிள்ளைகளில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்குச் சந்திராஷ்டமம். அத்தனை பேரும் கோட்டை விட்டிருந்தால் டியூஷன் மாஸ்டர்கள் சும்மா இருந்திருப்பார்களா?

ஆனாலும் உங்கள் அனுபவத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. சோதித்துப் பாருங்கள். ராத்திரி கடை சாத்தும்போது ஒரு நோட்டில் அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மார்க் போடுங்கள். சண்டை வந்ததா, முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்று மாதம். அதுவரை காலண்டரை வீட்டில் வேறு யாராவது கிழிக்கட்டும், தாள்களைச் சேர்த்து வைக்கட்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சண்டையே இல்லாமல் கழிந்த சந்திராஷ்டமங்களை மனசு எண்ணுவதில்லை. நோட்டு எண்ணிவிடும்.

கே: எங்கள் காலத்தில் பயோரிதம் என்று பிறந்த தேதியை வைத்து வளைகோடு போட்டுப் பார்ப்போம். அதுவும் நம் பஞ்சபட்சியும் ஒன்றுதானே? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

ப: தூரத்துப் பங்காளிகள், சார். பெர்லின் டாக்டர் வில்ஹெல்ம் ஃப்ளீஸ், ஃபிராய்டின் நண்பர், உடலுக்கு 23 நாள், உணர்ச்சிக்கு 28 நாள் சுழற்சி என்றார். அறிவுக்கு 33 நாள் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றையும் பெருக்கினால் 21,252 நாள். பிறந்த அன்று சேர்ந்து கிளம்பிய மூன்று கோடும் மறுபடி அதே இடத்தில் கூட ஐம்பத்தெட்டு வயது தாண்ட வேண்டும்! கணக்கு அழகுதான். ஆனால் 1998-ல் டெரன்ஸ் ஹைன்ஸ் என்ற ஆய்வாளர் 134 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இதில் உண்மை இல்லை என்று முடித்துவிட்டார்.

பஞ்சபட்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. பகலை ஆறு நாழிகைச் சாமங்களாக, அதாவது 2 மணி 24 நிமிடமாக, ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்து பட்சிகளுக்கும் ஊண், நடை, அரசு, துயில், சாவு என்று தொழில் வைத்தார்கள். ஒரே ஆள் காலையில் ஒரு மாதிரி, உச்சியில் ஒரு மாதிரி என்பதை யாரோ உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள். அந்தக் கவனிப்பு பெரிய விஷயம். ஆனால் வல்லூறோ மயிலோ, உங்கள் பட்சியைப் பிறந்த நட்சத்திரம் முடிவு செய்கிறது. ஃப்ளீஸும் பிறந்த தேதியைத்தான் கேட்கிறார். நேற்று ராத்திரி தூங்கினாயா என்று இருவருமே கேட்பதில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

கே: யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து சோளக்காட்டில் ராக்காவல். விடிந்து வீட்டுக்கு வந்தால் எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். என் குணமே மாறிவிட்டதா அண்ணா? – விவசாயி

ப: குணம் மாறவில்லை தம்பி, தூக்கம் பாக்கி நிற்கிறது. பிறந்த தேதியிலிருந்து ஓடும் கடிகாரம் உடம்பில் கிடையாது. ஆனால் ஒரு நாள் கடிகாரம் உண்டு, அது கெட்டியானது. 1729-லேயே பிரெஞ்சு அறிஞர் மெய்ரான் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமல் நேரத்துக்கு இலை விரித்தது, நேரத்துக்கு மூடியது. இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல்.

நம் பக்கத்தில் இதைத் தோண்டியவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன். வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்து அவரும் அவருடைய மாணவர்களும் கவனித்தார்கள். மற்ற வௌவால்கள் இரை தேடிப் போவதையும் வருவதையும் வைத்தே அது தன் நேரத்தைச் சரிசெய்துகொண்டது! வௌவாலுக்கே கூட்டத்தோடு ஒட்டிய நேரம்தான். வீடே விழித்து நடமாடும் பகலில் நீங்கள் ஒருவர் மட்டும் தூங்குவது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

அதனால் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவல் முடிந்து வந்ததும் இருட்டான அறை, சத்தமில்லாத நாலைந்து மணி நேரம். திரும்பும் வழியில் காலை வெயில் முகத்தில் விழுந்தால் உடம்பு விடிந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாருங்கள். காவலுக்குப் போகுமுன் சாயங்காலம் ஒரு குட்டித் தூக்கம். பக்கத்துக் காட்டுக்காரரோடு பேசி, நடுநிசி வரை ஒருவர், பிறகு ஒருவர் என்று முறை வைத்தால் இன்னும் நல்லது. அதிகாலை மூன்றிலிருந்து ஐந்து வரை உடற்சூடும் கவனமும் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் பைக் எடுக்கவே எடுக்காதீர்கள். இதை என் தம்பிக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

கே: அப்பா நாலு மணிக்கு எழுப்பிப் படி என்கிறார். எனக்கு ராத்திரிதான் ஏறுகிறது. யார் சரி? – பியுசி மாணவி

ப: உன் வயதில் உடம்பின் கடிகாரம் பின்னால் தள்ளி ஓடுவது இயல்பு, சோம்பல் அல்ல. அதை அப்பாவிடம் காட்டு. ஆனால் வாயால் வாதாடாதே தங்கச்சி, கணக்கு காட்டு. ஒரே மாதிரிக் கணக்குகள் பத்து, ஒரு நாள் விடிகாலை, ஒரு நாள் மாலை, ஒரு நாள் இரவு. எத்தனை சரி, எவ்வளவு நேரம் என்று இரண்டு வாரம் குறித்து வை. தூங்கும் மணிநேரம் மட்டும் குறையக்கூடாது. எது வென்றாலும் இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தேர்வு காலையில் என்பதால், கடைசி வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் எழுந்து பழகு.

கே: மாதவிலக்குக்கு முந்தைய வாரம் அழுகையும் கோபமும். எல்லாம் உன் நினைப்பு என்கிறார்கள். – தையல் தொழிலாளி

ப: நினைப்பு இல்லை அம்மா. அதே மதுரையில் கடிகாரமோ சூரியனோ தெரியாத அறையில் ஒரு பெண்ணைத் தங்கவைத்துப் பார்த்தார்கள். மாதவிலக்குச் சுழற்சி, தூங்கி விழிக்கும் சுழற்சியோடு பிணைந்திருக்கவில்லை. அதற்குத் தனி ஓட்டம். இதில் டாக்டர்களே தினக்குறிப்பைத்தான் கேட்கிறார்கள். குறைந்தது இரண்டு மாதம், அன்றன்றைக்கு எழுதியது வேண்டும். அந்த நோட்டோடு பெண் மருத்துவரிடம் போங்கள், சிகிச்சை உண்டு.

கே: என் மனைவியின் மனநிலையை நான் குறித்து வைக்கலாமா? – பெயர் வேண்டாம்

ப: வேண்டாம். அது நோட்டு இல்லை, குற்றப்பத்திரிகை. உங்களுடையதை எழுதி அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

கே: கைக்கடிகாரமே மனநிலையைச் சொல்கிறதாமே? – செல்போன் கடை ஊழியர்

ப: நாடித்துடிப்பும் அசைவும் அதற்குத் தெரியும். அத்தை வீட்டுக் கல்யாணத்தில் உங்களை யாரும் கவனிக்காதது தெரியாது.

கே: எழுதிப் பார்த்தேன். இரண்டு வாரமாக எல்லா நாளும் இரண்டு, மூன்று மார்க்தான். தூக்கமும் இல்லை, வேலையிலும் பிடிப்பில்லை. – பெங்களூரில் வேலை பார்க்கும் மார்டள்ளிக்காரர்

ப: இனி எழுதிக் காத்திருக்க வேண்டாம். 14416-க்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு இல்லை, பகலும் இரவும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நீங்கள் இருக்கும் ஊரிலேயே நிமான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். தூக்கம் எந்தத் தேதியில் குறைய ஆரம்பித்தது என்பதுதான் டாக்டர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளில் ஒன்று, அதற்குப் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது.