கருங்காலிதான் வேணுமாக்கும்!

முதல்ல ஒண்ணு கேக்குறேன் அப்பு, கோவிச்சுக்கிறாதே. ஊதப் போறது நீயா, அந்த மரமா? கொஞ்ச நாளா ஒன் வாயில வேற பேச்சே இல்ல. ஆப்பிரிக்கக் கருங்காலியில கடைஞ்ச ஐரிஷ் குழல் வாங்கணும், இல்லாட்டி லோ டி விசில் வாங்கணும், அது கப்பல்ல வருமா, ஏரோப்ளேன்ல வருமா. நம்ம அந்தமான் பெரார்கஞ்ச் பஜார்ல டீ ஆத்துறவருக்குக்கூட இப்ப அந்த ஆப்பிரிக்க மரத்தோட வெலை அத்துப்படி. சங்கராபரணத்தை ஒரு மூச்சுல ஏத்தி எறக்குடான்னு சொன்னா மட்டும் ஒனக்கு எங்கிருந்தோ இருமல் வந்துருது.

ஐரிஷ்காரன் வாடையே படாத ஊருன்னு நெனச்சுக்கிட்டியா இதை? ஊர்ப்பேரு 1923லேர்ந்து 1931 வரைக்கும் சீஃப் கமிஷனரா இருந்த பெரார் துரையோடது. அவருக்கும் முந்தி, டப்ளின்ல பொறந்த மேயோ பிரபு வைஸ்ராயா வந்தாரு. நம்ம மவுண்ட் ஹேரியட் மேல ஏறி சூரியன் அடையிறதை ரசிச்சுட்டு, ஹோப் டவுன் படகுத்துறைக்கு எறங்கி வந்தாரு. 1872 பிப்ரவரி 8. இருட்டுக்குள்ள ஷேர் அலிங்கிற கைதி கத்தியோட நின்னான். வீடு தேடி வந்த ஐரிஷ்காரரை நாம அனுப்பி வச்ச லட்சணம் அது. அந்த நாட்டுப் பாட்டையாச்சும் உசுரோட விட்டு வையி ராசா.

சரி, ஆசைப்பட்டுட்டே. மரக்குழலா விசிலான்னு கேட்டேல்ல? விசில்ல வாய்ப்பக்கமே காத்துக்கு வழி வெட்டி வச்சிருப்பான். ஊதுனா சத்தம் வந்துரும். மரக்குழல்ல அந்த வழியை நீயே ஒதட்டால உண்டாக்கணும். ஆரம்பத்துல வெறுங்காத்துதான் வரும், தலை கிறுகிறுக்கும். அப்ப விசில்தான் சுலபம்னு துள்ளாதே. விசில்ல ஊதலைக் கூட்டினா சுதி ஏறும், கொறைச்சா எறங்கும், ஒதட்டால சரிக்கட்ட முடியாது. மூச்சை அளந்து விடத் தெரியாதவன் கள்ளத்தனம் விசில்ல உடனே வெளிய வந்துரும். மரக்குழல்ல ஒதட்டைக் கொஞ்சம் உருட்டி, சாச்சு, சபையை ஏமாத்திப்பிடலாம். ஒன் கொணத்துக்கு மரக்குழல்தான் தோது, ஆனா அதை இப்ப சொன்னா நீ காசைக் கொண்டுபோய்க் கொட்டிருவே.

இன்னொரு கூத்து கேளு. ஐரிஷ் குழல், ஐரிஷ் குழல்னு உருகுறியே, அதுல பேர்போன பழைய குழலெல்லாம் லண்டன்ல ரூடால் அண்ட் ரோஸ் மாதிரி பட்டறையில பிரிட்டிஷ் கச்சேரிக்காரங்களுக்காகக் கடைஞ்சது. 1847ல போஹம்னு ஒரு ஜெர்மன்காரர் உலோகக் குழலுக்குப் புதுக் கணக்குப் போட்டாரு. கச்சேரிக்காரங்க ஒவ்வொருத்தரா அதுக்குத் தாவ, பழைய மரக்குழல் கைமாறி கைமாறிச் சல்லிசா ஐரிஷ் கிராமத்துக்குப் போய்ச் சேந்துச்சுன்னு சொல்வாக. பெரிய மனுசன் கழிச்சுப் போட்டதை எடுத்து ஊதித்தான் அவுக ஒரு சங்கீதத்தையே நிமித்திக்கிட்டாக. நீ என்னடான்னா புது மரம் வந்தாத்தான் வாயைத் தொறப்பேங்கிறே.

லோ விசில் கதை இதைவிட ருசி. ஃபின்பார் ஃப்யூரின்னு ஒரு ஐரிஷ் பாட்டுக்காரர். அவரு உசுரா வச்சிருந்த மூங்கில் குழல் ஊர்சுத்துற எடத்துல நொறுங்கிப் போச்சு. அது இந்தியாவிலேர்ந்து போன குழலுன்னு சொல்வாக. பெர்னார்ட் ஓவர்ட்டன்கிற இங்கிலீஷ்காரர்கிட்ட அது ரிப்பேருக்கு வர, அது தேறாதுன்னு அவரு அலுமினியக் குழாயில புதுசாவே ஒண்ணு செஞ்சு குடுத்தாரு. வருசம் 1971. இன்னைக்கு நீ டாலர்ல வெலை பாக்குறியே, அந்த விசிலோட பாட்டன் இங்க மூங்கில் புதர்ல நின்னவன்தான். நம்ம வீட்டு மூங்கில் செத்ததுல பொறந்த புள்ளைக்கு நீ சுங்கம் கட்டிக் கூட்டியாரப் போறே!

இப்ப மரத்துக்கு வருவோம். நான் உளி புடிச்ச கை, இதுல எனக்குக் கொஞ்சம் திமிரு உண்டு. கருங்காலி வேணும்னு சொல்ற மொத ஆளு நீ இல்ல. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதின அடியார்க்குநல்லார் குழல் செய்யிற வெவரமெல்லாம் எழுதி வச்சிருக்காரு. சாமிநாதையர் 1892ல அச்சுல ஏத்துனாருல்ல, அந்தப் பொஸ்தகந்தான். மூங்கில் ஒசத்தி, வெங்கலம் நடுத்தரம், மத்த மரமெல்லாம் கடைசின்னு வரிசை போடுறாரு. போட்டுட்டு அடுத்த மூச்சுலயே, மூங்கில் பொழுதுக்குத் தக்க மாறும், மரந்தான் எப்பவும் ஒரே நெலையில நிக்கும், சனங்க கருங்காலியைத்தான் கேக்குறாகன்னு ஒத்துக்கிறாரு. பாத்தியா, சாஸ்திரம் ஒண்ணு சொல்லும், வாங்குறவன் வேற ஒண்ணு வாங்குவான். அந்தக் காலத்துலயே அப்படி.

ஆனா அவரு சொன்னதுல நீ படிக்காம தாவுற பக்கம் ஒண்ணு இருக்கு. மரம் இளசாவும் இருக்கக் கூடாது, ரொம்பக் கெழடாவும் கூடாது. நாலு பக்கக் காத்தும் மோதிக் கொழம்புற எடத்துல நின்ன மரத்துல நாதம் இல்ல. வெட்டி நெழல்ல ஆறப் போட்டு, திருகுதா, பொளக்குதான்னு ஒரு வருசம் பாத்துட்டு அப்புறந்தான் துளை போடணும். ஒரு வருசம்! நீ பார்சல் மூணு நாளு தாமசமானா கஸ்டமர் கேருக்குப் போனு போடுற ஆளு.

நம்ம படாக் மரத்துல கடைஞ்சா என்ன தாத்தான்னு நீ கேப்பே, தெரியும். நல்ல மரம், செவப்பு, கடைசல்ல அழகா நிக்கும். மார்பிள்வுட் இன்னும் நல்லாருக்கும், அது கருங்காலிச் சாதியே. ஆனா காட்டுக்குள்ள கோடாலியத் தூக்கிட்டு நடக்காதே. 2002ல சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு வந்ததுக்கு அப்புறம் மரம் வெட்டுறது முன்ன மாதிரி இல்ல. 1883லேர்ந்து ஓடுற சாத்தம் மில்லுலயே மரத்தைப் பழைய மாதிரி பாக்க முடியல. பழைய கட்டில் காலு, ஒடிஞ்ச மேசை, ரசீது உள்ள துண்டு எதாச்சும் கெடச்சாக் கொண்டா. ஆறினதா, சுழி விழாததான்னு தட்டிப் பாத்துச் சொல்றேன். கட்டிலு ஒங்கப்பன் படுக்கிறதா இருந்தா மொதல்ல அவனை எழுப்பிரு.

வாங்குறதுன்னே முடிவு பண்ணிட்டா, மொதல்ல ஒசத்தி மரத்தைத் தொடாதே. சின்ன டி விசில் ஒண்ணு போதும். இங்கிலாந்துல கிளார்க்னு ஒருத்தர் 1843லயே தகரத்தை உருட்டிப் பண்ண ஆரம்பிச்ச சாமான், இன்னைக்கும் சல்லிசு. அதுலயும் லோ விசில்லயும் ஐரிஷ் மரக்குழல்லயும் வெரல் கணக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். ஆறு துளையையும் மூடினா ஸ, அது நம்ம ரெண்டு கட்டை. ஒவ்வொண்ணாத் தொறந்தா நேரா சங்கராபரணம். நம்ம குழல்ல மேல ரெண்டை மூடினாத்தான் ஸ. இந்தக் கொழப்பத்தைக் கொறஞ்ச வெலையில பட்டுக்கிறது புத்தி. வாங்குறப்ப அடி டி-யை அழுத்தி ஊதிப் பாரு, ஒடையாம நிக்கணும். மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் ஒண்ணோடொண்ணு சேருதான்னு பாரு. படம் பாத்து வாங்காதே. படத்துல எல்லாக் குழலும் சுதி சுத்தம்.

லோ டி கிட்டத்தட்ட ரெண்டடி நீளம், துளைக்குத் துளை எடம் ஜாஸ்தி. வெரல் நுனியால மூடப் பாத்தா ஒன் கை சுளுக்கிக்கிட்டு வைத்தியச் செலவு எனக்கு வரும். ஐரிஷ் பைப் வாசிக்கிறவுக வெரலை நீட்டி, நடுக்கணுவை அப்படியே படுக்கப் போட்டு மூடுவாக. வெரலை எப்படிப் போடுறதுன்னு நம்மாளுகளும் யோசிச்சவுகதான். மாலின்னு சொல்ற டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) பழைய பிடியை மாத்திட்டாரு. 'பேரட் கிளட்ச்'னு அதுக்குப் பேரே வந்துருச்சு. அவரு கச்சேரிக்கு வருவாரா மாட்டாரான்னு சபாக்காரங்க வாசல்ல காத்துக் கெடப்பாக. நீ அந்தக் கொணத்தை மட்டும் இப்பவே கத்துக்கிட்டே, வாசிப்பு பாக்கி.

அப்புறம் நம்ம ஊரு சீதோஷ்ணம். மே மாசம் புடிச்ச மழை டிசம்பர் வரைக்கும் நச்சரிக்கும். காஞ்ச ஊருல மரக்குழல் வெடிக்கும், இங்க அந்தப் பயம் கொறச்சல், பூஞ்சைதான் எமன். இணைப்பு ஊதிப்போயி கழட்ட வராது. ஊதி முடிச்சதும் பிரிச்சு, உள்ளார துணியை விட்டு ஈரத்தை எடுத்துட்டுக் காத்தாட வையி. மாமியாருக்குத் தெரியாம வச்ச நகை கணக்கா பெட்டியில பூட்டிப் பொதைக்காதே. மூங்கில்னா உளு விழுதான்னு பாத்துக்க. அலுமினிய விசிலுக்கு இந்தச் சள்ளை இல்ல. ஆனா சில்லுன்னு இருக்கையில ஊதுனா வாய்வழியில தண்ணி கட்டி அடைச்சுக்கும். ஊதுறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் கக்கத்துல வச்சுச் சூடு பண்ணிக்க. சபையில நாகரிகமா இருக்காது, ஒனக்கு அதெல்லாம் எப்ப இருந்துச்சு?

பாட்டு எதுல ஆரம்பிக்கிறதுன்னா, செல்போனை எறக்கி வச்சுட்டு முத்துசாமி தீட்சிதர்ட்ட போ. அவரு (1775–1835) மெட்ராஸ் கோட்டை பேண்டுக்காரங்க மெட்டைக் கேட்டு நோட்டு சுரம் பண்ணினாரு. ஐரிஷ் மெட்டு, ஸ்காட்டிஷ் மெட்டு, வெள்ளைக்கார ராசா கீதம் எல்லாம் அதுல உண்டு. 'சந்ததம் பாஹிமாம்' அந்த ராசா கீதந்தான். அதையெல்லாம் கமகம் போடாம நேரா ஊதிப் பழகு. அப்புறம் ஜிக், அது திஸ்ரத்துல துள்ளும். ரீல் சதுஸ்ரம். எட்டு எட்டு பாராப் பிரிச்சு, ஒவ்வொரு பாதியையும் ரெண்டு தடவை வாசிப்பாக. கமகத்துக்குப் பதிலா வெரலைச் சுண்டித் தெறிக்கிறது அவுக அலங்காரம். நம்ம பழக்கத்துல அங்க போயி ரிஷபத்தை ஆட்டிக்கிட்டு நின்னேன்னு வையி, ஆடுறவன் காலைத் தூக்கினபடியே நிப்பான்.

சரி, லோ டி-யே வாங்குறேன்னு ஒத்தக் கால்ல நின்னா வாங்கித் தொலை. அந்தக் கடைசித் துளை எம்புட்டு தூரம்னு நேத்தே மொழக்கயிறு புடிச்சு என் கையை வச்சுப் பாத்துட்டேன், எட்டுது. பார்சல் பேம்பூ ஃப்ளாட் எறங்குனா நேரா இங்க கொண்டா. அட்டையை நாந்தான் பிரிப்பேன். ஒரு வாரம் மழைக்காத்துல பழக விட்டுத்தான் புது விசிலைப் புள்ளைக கையில குடுக்கணும்னு சாஸ்திரம். எந்த சாஸ்திரம்னு கேக்காதே.