சாவா மூவாப் பேராடு

ஊர்ச் சரித்திரம் எழுதுதியாமே மருமவனே, டீக்கடையில ஒரே பேச்சு. எட்டு அத்தியாயம் முடிஞ்சாச்சாம், ஒரு கல்வெட்டைக்கூடத் தொட்டுப் பாக்காம. பெரிய சாமர்த்தியம்லே. நம்ம வம்சம் பாண்டியன் படையில தளபதின்னு வாட்ஸப்புல வந்துச்சாம். அதே சேதி பக்கத்து ஊருக்காரனுக்கும் வந்துச்சு, அவனும் தளபதிதான். எல்லாரும் தளபதின்னா வேல் தூக்குனவன் எவம்லே?

மூஞ்சியத் தூக்காத. நம்ம கோயில் மேலச் சுவர்ல, சுவிட்ச் போர்டுக்கு அடியில எழுத்து இருக்கு. கும்பாபிசேகத்துக்குப் பெயிண்ட் அடிச்சு பாதிய மூடிட்டானுவ. நீயும் உன் பங்குக்குக் காச வச்சுச் சுரண்டிராத. தொல்லியல்காரவுளக் கூப்பிடு. கல்லக் கழுவி, நனைச்ச காகிதத்த ஒட்டி, எழுத்துப் பள்ளத்துல பதியுற மட்டும் பிரஷ்ஷால தட்டி, மேல மை ஒத்துவாவ. எழுத்து மட்டும் வெள்ளையா நிக்கும். அதுக்குப் பேரு மைப்படி.

அதுல தளபதியத் தேடாத, ஆடுதான் வரும். அந்தக் காலத்துல கோயிலுக்கு அணையாம எரியுற ஒரு நந்தா விளக்குன்னா 96 ஆடு விடுவாவ. சாவா மூவாப் பேராடுன்னு எழுதியிருக்கும். சாவாதாம், கிழடு தட்டாதாம். ஆடு என்ன அமுதமா குடிச்சுது? மேய்ப்பன் செத்ததுக்குக் குட்டிய ஈடுகட்டி எண்ணிக்க குறையாமப் பாத்துக்கிடணும், விளக்குக்கு நெய் தவறாம அளக்கணும். அம்புட்டுதான் சூட்சுமம். அந்த மேய்ப்பன் பேரு கல்லுல கிடந்து, அது நம்ம பாட்டனா இருந்தா மறைச்சிராத, என்ன?

அடுத்தாப்புல மானூருக்கு பஸ் ஏறு. அங்க 1200 வருசத்துப் பாண்டியர் கல்வெட்டு ஒண்ணு. ஊர்ச்சபையில உக்காரணும்னா நிலம் வேணும், படிப்பு வேணும். எதச் சொன்னாலும் கூடாது கூடாதுன்னு மறிக்கவனுக்கு அஞ்சு காசு தண்டம். இத நான் ஊர்க்கூட்டத்துல சொன்னதுலருந்து ரெண்டு பேரு எங்கூடப் பேசுறதில்ல.

திருச்செந்தூருக்குப் போயி எத்தன மொட்ட போட்டிருப்ப, வழியில ஆதிச்சநல்லூர்ப் பரம்புல ஒருக்கா எறங்கியிருக்கியா? 114 ஏக்கரு, தாழி தாழியாப் புதைஞ்சு கிடக்காவ நம்ம பெரியவுக. 1876ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரன் தோண்டி பெர்லினுக்கு அள்ளிட்டுப் போனான். பொறவு அலெக்சாண்டர் ரீ எடுத்த தங்க நெத்திப்பட்டம் மெட்ராஸ் எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு. ஜெர்மன்காரன் கப்பலேறி வந்த எடத்துக்கு ஒனக்கு பைக்குல போக ஒழியல. இப்ப குழிக்கு மேல கண்ணாடி போட்டு, தாழிய இருந்த எடத்துலயே காட்டுதாவ. செல்பிக்குத் திரும்பி நிக்காம கொஞ்சம் குனிஞ்சு பாரு.

லைப்ரரியில கால்டுவெல் 1881ல எழுதுன திருநெல்வேலிச் சரித்திரத்தக் கேளு, பேட் துரை 1917ல போட்ட கெசட்டியரக் கேளு. இங்கிலீஷ்தான், ஒனக்கென்ன, படிச்ச புள்ள! கும்பினி காலத்துக் கடுதாசி வேணும்னா எழும்பூர் ஆவணக் காப்பகம்.

அதுக்கெல்லாம் முந்தி ஒரு சோலி இருக்கு. கணக்குப்பிள்ள உத்தியோகத்த 1980ல எடுத்துட்டாவ. நம்ம பழைய கணக்குப்பிள்ள வீட்டுப் பரண்ல ஊர்க்கணக்குத் தகரப்பெட்டி இன்னும் கிடக்கு. கரையான் ஒன்னைய மாதிரி இல்ல, உக்காந்து படிக்கும். இன்னைக்கே போ. அந்த வீட்டு ஆச்சிக்குக் காது மந்தம், சத்தமாக் கூப்பிடு. வெத்தல பாக்கு வாங்கிட்டுப் போ.