மலைக்கோட்டையும் மறுநாள் தொடையும்

திருச்சிராப்பள்ளி உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க விரும்புகிறவர், சுமார் 83 மீட்டர் உயரமுள்ள பாறையின்மேல் நானூற்றுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்தாக வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவதையே தேகப்பயிற்சியாகக் கொண்டுவந்த ஓர் உடலில் இந்த ஏற்றமும் இறக்கமும் உண்டாக்கும் விளைவுகளைத் தலபுராணங்கள் கண்டுகொள்ளவில்லை என்பதால், அவற்றை ஆராயும் பொறுப்பு உடலியங்கியலின் தலையில் விழுந்திருக்கிறது.

தசைச் செல்கள் உடனே செலவிடக்கூடிய ஆற்றலை அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் மூலக்கூறில் வைத்திருக்கின்றன. அந்தக் கையிருப்பு ஓரிரு நொடிகளிலும், அதை ஈடுசெய்ய முன்வரும் கிரியேட்டின் பாஸ்பேட் ஏறத்தாழப் பத்து நொடிகளிலும் தீர்ந்துபோகும். பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டிரண்டு படிகளாகத் தாவும் வீரத்தின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவே. அதன்பின் தசை ஆக்சிஜனைக் கேட்கத் தொடங்குவதால், ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் இரத்தம் இறைத்துவந்த இதயம் அதைப் பல மடங்காக உயர்த்தவும், குடலுக்குச் செல்லும் பங்கைக் குறைத்துக் கால்களுக்குத் திருப்பிவிடவும் நேர்கிறது. ஏறுவதற்குச் சற்றுமுன் உண்ட நெய்ப்பொங்கல் கேட்பாரற்று வயிற்றில் கிடப்பது இதனால்தான். வழியிலுள்ள மகேந்திரவர்மன் காலக் குடைவரையின் அருகே நின்று, பல்லவர் வரலாற்றில் திடீர் ஈடுபாடு காட்டுவோரில் பெரும்பாலோர் தொல்லியல் அறிஞர் அல்லர்.

இத்தனை பாட்டுக்கும் கிடைக்கும் கூலி அற்பமானது. 70 கிலோ எடையுள்ள ஒருவரை 83 மீட்டர் உயர்த்துவதற்கான வேலை, இயற்பியல் கணக்கின்படி 14 கிலோகலோரிக்குச் சற்றுக் குறைவு. செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழக் கால்பங்கை மட்டுமே தசை வேலையாக மாற்றி, எஞ்சியதை வெப்பமாக்கி வியர்வைக்கு வழிவகுப்பதால், உண்மைச் செலவு 55 கிலோகலோரியை ஒட்டி அமைகிறது. அடிவாரத்தில் ஒரு மெதுவடை இக்கணக்கை முறித்துவிடும். இரண்டாவது வடையோ மலையேறியவரை ஏறாதவரைவிடப் பருமனாக்கும் வல்லமை உடையது.

இனி இறக்கம். இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை, செலவாகும் ஆற்றலும் குறைவு. ஆகவே பக்தர் எதிரே ஏறிவருவோருக்கு ஆலோசனை வழங்கியபடியே வருகிறார். ஆனால் உடலின் எடை விழாதபடி ஒவ்வொரு படியிலும் பிடித்து நிறுத்தும் முன்தொடைத் தசை, சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. உடலியங்கியலார் நீட்சிச் சுருக்கம் என்று வகைப்படுத்தும் இச்செயல், பழக்கமற்ற தசை நார்களில் நுண்ணிய சிதைவுகளை உண்டாக்க, அதைத் தொடரும் அழற்சியும் நரம்புகளின் கூருணர்வும் சேர்ந்து, பல மணி நேரம் கழித்து வலியைத் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்குக் கொண்டுசெல்கின்றன. இத்தகைய வலியின் மூலம் தசையின் உட்சிதைவே என்று தியோடர் ஹஃப் 1902-இலேயே எழுதியிருந்தும், உடற்பயிற்சிக் கூடங்களில் பழி இன்றளவும் லாக்டிக் அமிலத்தின்மீதே சுமத்தப்படுகிறது. அதுவோ ஏறும்போது மிகுதியாகத் தோன்றி, ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அகன்றுவிடும் பொருள். வலி தொடங்கும் வேளையில் அது ஊரிலேயே இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் இவரை அடையாளம் காண்பது எளிது: எழுவதைவிட உட்காருவதற்கே அஞ்சுவார். நாற்காலியில் மெல்ல அமரும்போதும் முன்தொடை நீண்டபடியே எடையைத் தாங்க வேண்டியிருப்பது காரணம். இந்திய பாணிக் கழிவறை பற்றி விரிவாகக் கூற இக்கட்டுரையின் கண்ணியம் இடம் தரவில்லை.

ஒருமுறை இவ்வாறு வதைபட்ட தசை, தன்னைச் சீரமைத்துக்கொண்டு, அடுத்த சில வாரங்களுக்குள் அதே வேலை மீண்டும் வந்தால் மிகக் குறைவாகவே நோகிறது. அறிவுடைமை என்பது அடுத்த வாரமே மீண்டும் ஏறுவது. நடைமுறை என்பது அடுத்த விநாயகர் சதுர்த்திவரை ஒத்திப்போட்டு, அந்தக் காப்பு முற்றிலும் காலாவதியான பின் ஏறுவது. முழு வேலையும் செய்யாமல் கொஞ்சமே செய்தாலும் இக்காப்பு ஓரளவு அமைவதாக ஆய்வுகள் காட்டுவதால், பாதி மலையில் தாயுமானவரைச் சேவித்துத் திரும்பிவிடுவோருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. வீட்டில் மட்டும் அவர்கள் உச்சிவரை போய்வந்ததாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.