மடிக்கணினியில் விளையாட்டு உறைதலும் வீழ்தலும்: காரணவியல் குறித்த ஓர் ஆய்வு

மடிக்கணினியில் ஓடும் விளையாட்டு பாதியில் நின்றுபோவதை இரு வகையாகப் பகுப்பது வழக்கம். திரையில் உள்ள படம் அப்படியே நிலைத்து, விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் மறுமொழி தராமல் இருப்பது உறைதல் எனப்படும். மாணவர் விடுதிகளில் இது 'ஹேங்' என்று வழங்கும். விளையாட்டு முன்னறிவிப்பின்றி மறைந்து, பின்னாலிருந்த டெஸ்க்டாப்பும் அதில் திறந்தபடி கிடக்கும் முடிக்கப்படாத அசைன்மென்ட்டும் வெளிப்படுவது வீழ்தல், அதாவது 'கிராஷ்'. உறைதலுக்குள் ஒலியோடு கூடியது, ஒலியற்றது, ஒரே ஒலித்துணுக்கு விடாமல் அலறுவது என மூன்று உட்பிரிவுகள் உண்டு. இவற்றுள் அண்டை வீட்டாரும் அறிய நேர்வது மூன்றாவது மட்டுமே. ஒலிப்பதற்கென முன்கூட்டியே நிரப்பிவைக்கப்படும் சிறிய நினைவகப் பகுதியில் புதிய ஒலியை எழுதுவதற்கு ஆளில்லாமற் போவதால், கடைசியாக அதில் கிடந்த துணுக்கையே ஒலிப்பகுதி சுற்றிச் சுற்றி வாசிப்பதன் விளைவு அது.

இத்துறையின் முதற்சிக்கல் நோயைத் தீர்ப்பதன்று, நோய் உண்டா என்று அறிவது. திரை அசையாதிருக்கும்போது விளையாட்டு உறைந்துவிட்டதா, அன்றி உள்ளே ஏதோ வேலையாக இருக்கிறதா என்பது வெளியிலிருந்து புலப்படாது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது என்றேனும் ஓடி முடியுமா, முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்குமா என்பதைத் தவறாமல் சொல்லிவிடும் பொதுவழிமுறை இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936-இல் நிறுவினார். அந்தத் தேற்றத்தின் முழுக்கனத்தையும் இன்று சுமப்பவர், சேமிக்கப்படாத மூன்று மணிநேர ஆட்டத்தின் முன் விரலைத் தூக்கியபடி அமர்ந்திருக்கும் விளையாட்டாளரே. விண்டோஸ் இயங்குதளம் இத்தகைய தத்துவச் சிக்கல்களில் பொழுது போக்குவதில்லை. ஒரு சாளரம் தனக்கு வரும் செய்திகளை 5 விநாடிகள் எடுத்துப் பாராதிருந்தால், அதன் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதி, படத்தையும் வெளிறச் செய்துவிடும். அவ்வாறு அறிவிக்கப்பட்டவற்றுள் சில, அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் எழுந்து நடந்ததும் உண்டு.

காத்திருப்போர் எதற்காகக் காத்திருக்கின்றனர் என்பதும் ஆராயத்தக்கது. ஜிடிஏ ஆன்லைன் என்னும் விளையாட்டு திறப்பதற்கே பல நிமிடங்கள் எடுத்துக்கொள்வதை ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து, நகரம் பெரிது, கட்டடங்கள் பல என்று தமக்குத் தாமே சமாதானம் கூறிவந்தனர். 2021-இல் வெளியாள் ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலேயே அதைப் பிரித்துப் பார்த்தபோது, தாமதத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் நகரமன்று, விளையாட்டுக்குள் விற்கப்படும் பொருட்களின் பட்டியல் என்று தெரியவந்தது. சுமார் 10 எம்பி அளவுள்ள அந்தப் பட்டியலில் ஒவ்வோர் உருப்படியைப் படிக்கும்போதும், எஞ்சிய பகுதி எவ்வளவு நீளம் என்பதை விளையாட்டு இறுதிவரை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த உருப்படிக்கு வந்ததும் மறுபடி எண்ணத் தொடங்கிக்கொண்டிருந்தது. பட்டியலைக் கையாள்வதில் இருந்த இத்தகைய தவறுகளைத் திருத்தியதும் காத்திருப்பு ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது. விளையாட்டை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனமும் தவற்றை ஒப்புக்கொண்டு, கண்டுபிடித்தவருக்கு 10,000 டாலர் வழங்கியது. காத்திருந்தவர்களுக்கு எதுவும் வழங்கப்படவில்லை.

காரணங்களுள் மூத்தது வெப்பம். பெரும்பாலான மடிக்கணினிகள் காற்றை அடிப்புறத் துளைகள் வழியாகவே உள்ளிழுப்பதால், மெத்தைமீதும் தலையணைமீதும் வைத்து ஆடுவோர் கணினியின் மூக்கைப் பொத்திக்கொண்டே அதை ஓடச் சொல்கின்றனர். மையச்செயலி 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு நன்றாக ஓடிப் பத்து நிமிடத்தில் தள்ளாடத் தொடங்குவது இதனால்தான். வெப்பம் அதற்கும் அடங்காதபோது கணினி முழுதுமே அணைந்துவிடும். எனவே கணினியே அணைந்தால் வெப்பத்தையோ மின்னூட்டத்தையோ ஐயுறுவதும், விளையாட்டு மட்டும் வீழ்ந்தால் நிரலையோ டிரைவரையோ நினைவகத்தையோ ஐயுறுவதும் முறை. இந்த ஒரு வேறுபாட்டை முதலில் கேட்டறியாமல் மருந்து சொல்வோரே இத்துறையில் மிகுதி. வெப்பத்துக்கான இல்லமுறைத் தீர்வு மடிக்கணினியின் பின்புறத்தைப் புத்தகங்களால் உயர்த்துவதாகும். கோனார் தமிழ் உரையின் இரண்டு படிகள் இதற்குப் போதிய உயரம் தருகின்றன, பத்தாம் வகுப்புக்குப் பின்னும் அந்நூல் பயன்படுவதற்கு இது சான்று.

அடுத்தது இரட்டை வரைகலைச் சிக்கல். விளையாட்டுக்கென்று விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் மையச்செயலியோடு பிணைந்த எளிய வரைகலைப் பகுதி ஒன்றும், வலிமைமிக்க தனிச் சில்லு ஒன்றும் இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த எண்ணி இயங்குதளம் சிலவேளை விளையாட்டை எளியதன் தலையில் கட்டிவிட, வாங்கிய விலையில் பாதிக்குக் காரணமான தனிச் சில்லு சும்மா உறங்கும். விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்புகளுக்குச் சென்று அவ்விளையாட்டுக்கு உயர்செயல்திறனைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும். மின்தடை நேர்ந்து கணினி பேட்டரிக்கு மாறும்போது தனிச் சில்லின் வேகமும் கட்டுப்படுத்தப்படுவதால், வில்லனை நெருங்கிய கணத்தில் ஆட்டம் தடுமாறுவதற்கு மின்வாரியமும் ஒரு காரணியாகிறது. மேலும், வரைகலைச் சில்லு கொடுத்த வேலைக்கு 2 விநாடிகளுக்குள் அசைந்து கொடுக்காவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மீட்டமைத்துவிடும். திரை ஒருமுறை கறுத்து மீண்டு, விளையாட்டு மட்டும் மீளாதிருப்பது இதன் அடையாளம்.

நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்னும் வினா தனியே நோக்கத்தக்கது. 2005-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஸ்கிம்மர் என்றொரு நீர்விமானம் உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறியவர்களின் கணினிகளில் அந்த விமானம் காணாமற்போக, 2025-இல் அதை ஆராய்ந்தபோது விமானத்துக்கான தரவுக்கோப்பில் சக்கர அளவுகளே எழுதப்படவில்லை என்பது வெளிப்பட்டது. அதற்குமுன் படிக்கப்பட்ட வண்டியின் அளவுகள் நினைவகத்தில் அழியாமல் எஞ்சியிருக்க, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த எச்சத்தைக்கொண்டே விமானம் பறந்திருக்கிறது. புதிய விண்டோஸ் அந்த இடத்தைத் தன் தேவைக்குப் பயன்படுத்தியதும் எச்சம் அழிந்தது. ஆகவே 'அப்டேட் போட்டதும் கெட்டுப்போச்சு' என்னும் கூற்று மெய்யாக இருக்கும்போதுகூட, குற்றவாளி அப்டேட்டாக இருக்க வேண்டியதில்லை.

சிகிச்சைகளுள் மலிவானதும் பெரிதும் புறக்கணிக்கப்படுவதும் கோப்புச் சரிபார்ப்பு ஆகும். ஸ்டீம் போன்ற விற்பனைத் தளங்கள் நிறுவப்பட்ட கோப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டு, பழுதானவற்றை மட்டும் மீண்டும் இறக்கித் தரும். அதை விடுத்து, முழு விளையாட்டையும் அழித்து மறுபடி நிறுவுவதே பலரும் கைக்கொள்ளும் வழி. நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தின் ஹாட்ஸ்பாட்டில் 100 ஜிபி விளையாட்டை இறக்க 50 நாட்கள் ஆகும் என்பதால், இது ஒரு மண்டலத்துக்கும் மேற்பட்ட விரதமாக அமைகிறது.

ஆயினும் இத்துறை முன்னேறாமல் இருப்பதற்கு அறியாமை காரணமன்று, முறைமையின்மையே காரணம். பாதிக்கப்பட்டவர் ஒரே மாலையில் டிரைவரைப் புதுப்பித்து, டெம்ப் கோப்புகளை நீக்கி, ஆன்டிவைரஸை நிறுத்தி, குரோமில் திறந்திருந்த நாற்பது டேப்களை மூடி, இறுதியாக மடிக்கணினியைப் புத்தகங்கள்மீது ஏற்றுகிறார். விளையாட்டு ஓடிவிடுகிறது. குணமாக்கிய பெருமை முழுதும் கடைசியாகச் செய்ததற்குச் சென்றுசேர, மறுநாள் அதுவே அடுத்த அறை நண்பருக்கு மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டு, அங்கே பலிக்காமல், 'உன் லேப்டாப்தான் சரியில்லை' என்ற தீர்ப்போடு முடிகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளையாட்டு உறைந்த அதே இடத்துக்கு மீண்டும் சென்று சோதிப்பதே சரியான வழி என்பதை அனைவரும் அறிவர். எனினும், ஓடத் தொடங்கிவிட்ட விளையாட்டை மீண்டும் நிறுத்திப் பார்த்துக் காரணம் அறிய எவரும் முன்வருவதில்லை. அவர்கள் வேண்டுவது விளையாட்டு, அறிவன்று.

இம்முறைமையைப் பிழையின்றிக் கடைப்பிடிப்பவர் இல்லத்தில் ஒருவரே. 'அந்தக் கேமை ஆடாம இருடா, லேப்டாப் நல்லாத்தான் இருக்கும்' என்னும் அன்னையின் கருதுகோள் ஒரே ஒரு காரணியை மட்டும் நீக்குகிறது, பிறவற்றில் கைவைப்பதில்லை. செமஸ்டர் தேர்வுக் காலங்களில் இது கட்டாயமாகச் சோதிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் உறைதலும் வீழ்தலும் முற்றிலும் நின்றதாகப் பதிவாகியுள்ளது. இக்கருதுகோளுக்கு எதிர்வாதம் எதுவும் இதுவரை முன்வைக்கப்படவில்லை. முன்வைக்க வேண்டியவர் அச்சமயங்களில் ஹெட்செட் அணிந்திருப்பதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.