கொடி எதனால் அழகு? ஓர் இருநகர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

உலக நாட்டுக் கொடிகளில் எது அழகு என்ற வினாவுக்கு லண்டனிலும் பாரிஸிலும் விடை தேடுவது ஆய்வுலகின் பெரும்பிழை. விடை, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் டவுன் பஸ்ஸில் கிடக்கிறது.

ஆய்வுக் களம்

ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுர ஊர். ஆடிப்பூரத் திருவிழா கொடியேற்றத்தோடுதான் தொடங்கும். முன்னது கொடியைத் தொட்டுப் பார்க்கும். பின்னது அண்ணாந்து பார்க்கும். எனவே மரபுகள் இரண்டு.

ராஜபாளைய மரபு (துணிவாதம்)

இதன் மூலவர் எங்கள் தெருத் தையற்காரர். நேபாளக் கொடியின் படத்தைக் காட்டினேன். உலகில் நாற்கரமாக இல்லாத ஒரே தேசியக் கொடி. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முக்கோணம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தவர், “வெட்டுத்துணி ரொம்ப விழுமே சார்” என்றார். பராகுவே கொடியில் முன்பக்கம் ஒரு முத்திரை, பின்பக்கம் வேறு முத்திரை என்றேன். “அப்ப கூலியும் ரெண்டு.” மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்றிருக்கும் இந்தோனேசியக் கொடிதான் அவர் மனத்துக்குப் பிடித்தது. அளவைச் சற்று மாற்றினால் மொனாக்கோ, தலைகீழாகப் பிடித்தால் போலந்து. ஒரு தையலில் மூன்று தேசம்.

நம் கொடிக்கு மட்டும் அவர் கூலி பேசவில்லை. சக்கரத்தின் 24 ஆரமும் இரண்டு பக்கமும் நேர்நேராக விழ வேண்டும் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மரபு (அண்ணாந்துவாதம்)

பதினொரு நிலை ராஜகோபுரத்தைப் பார்த்தே கழுத்து பழகிய ஊர். மேலே போன கொடி கீழே நிற்பவன் கண்ணுக்கு என்னவாகிறது என்பதே இங்கு கேள்வி. பூட்டான் கொடியின் டிராகன் நகங்களில் மணிகளைப் பற்றியிருக்கிறது என்றதும் பால்கோவா கடைப் பெரியவர், “கீழ இருந்து பாத்தா அது எங்க தெரியப் போவுது?” என்று தள்ளிவிட்டார். வங்கதேசக் கொடிக்குத் தலையசைத்தார். அதன் சிவப்பு வட்டம் சரிநடுவில் இல்லை. கம்பத்தின் பக்கம் சற்று ஒதுங்கியிருக்கும். பறக்கும்போது நடுவில் தெரியட்டும் என்ற ஏற்பாடு. ஜப்பானின் வட்டமும் முன்பு மயிரிழை ஒதுங்கித்தான் இருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடுவுக்கு வந்துவிட்டது. அண்ணாந்துவாதிகள் இதைச் சறுக்கல் என்பர்.

மூன்றாம் கோட்பாடு (முடிச்சுவாதம்)

இரு மரபும் கோட்டைவிட்ட உண்மையை நான் பள்ளிக்கூடத்திலேயே கண்டேன். ஒரு சுதந்திர தினம். பூவிதழ் வைத்துச் சுருட்டிக் கட்டிய கொடி உச்சியில் இருந்தது. தலைமையாசிரியர் கயிற்றை இழுத்தார். அவிழவில்லை. பி.டி. சார் இழுத்தார், நாலு இதழ் உதிர்ந்தது, கொடி பொட்டலமாகவே இருந்தது. பொட்டலத்துக்கே சல்யூட் அடித்துப் பாடி முடித்தோம்.

மிட்டாய் வரிசையில் நிற்கும்போது மேற்கேயிருந்து மலைக்காற்று ஒரு வீச்சு வீசியது. கொடி தானாக அவிழ்ந்தது. வரிசை திரும்பியது, மிட்டாய் கொடுத்த கையும் அப்படியே நின்றது. ஆரத்தை எவனும் எண்ணவில்லை.

முடிவுரை

அழகான கொடிக்கு இலக்கணம் மூன்று: துணி வீணாகக் கூடாது, தூரத்தில் தெரிய வேண்டும், முடிச்சு உருவுமுடிச்சாக இருக்க வேண்டும். மூன்றாவது தவறினால் காற்று கைகொடுக்கும். ஆனால் அதற்குள் மிட்டாய் தீர்ந்துவிடக்கூடும்.