110 டெசிபல் அமைதி

டீவிச் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் எங்கள் வீட்டு ரிசீவரின் முதுகில் ஒரு குளவி கூடு கட்டியிருக்கிறது. பின்பக்கம் அத்தனை துளைகள் இருக்க, அது தேடிப் பிடித்தது ஆப்டிகல் துளையை. வாசலில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் கதவு எப்போதோ உடைந்து போயிருந்தது. விரல் நுனி அகலம், உள்ளே இருட்டு, எங்கள் ஊர் நல்லதண்ணியின் மழை படாத இடம். குளவிக்கு இதைவிட நல்ல வீடு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை.

ஈர்க்குச்சியால் கிண்டி எடுக்கப் போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

“கைய வச்சிராத. குளவி வீட்டுக்குள்ள கூடு கட்டினா புள்ள பொறக்கும்.”

குசினியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, பேச்சு போகும் திசை தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள். தேயிலைத் தூருக்குள் இருக்கும் குளவி கலைந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓடிய அம்மாதான் இவர். மலையில் கொட்டுகிற குளவி வேறு, வீட்டில் மண் பூசுகிற குளவி வேறு என்று விளக்கினார். பேரப்பிள்ளை விஷயத்தில் அவரோடு வாதாட முடியாது.

வாங்கிய புது டீவியிலோ சத்தம் வெளியே வர இரண்டே வழி. ஒன்று ஆப்டிகல். இன்னொன்று எச்.டி.எம்.ஐ. ஆனால் அந்த வயரில் டீவியின் சத்தம் திரும்பி வரும் வசதி 2009க்குப் பிறகுதான் வந்தது. சின்னம்மா குவைத்தில் வேலை முடிந்து வரும்போது கொண்டுவந்த இந்த ரிசீவர் அதற்கு மூத்தது. பழைய டீவிகளில் இருந்த சிவப்பு, வெள்ளைத் துளைகள் புதிதில் இல்லை. ரிசீவரில் அவை மட்டும் தாராளமாக இருந்தன.

இந்த மாதிரிச் சிக்கல்களுக்கெல்லாம் தீர்வு கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இருக்கிறது. மச்சானும் அங்கேதான் ஒரு கடையில் நிற்கிறான். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டியோடு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு வந்து இறங்கினான். ஒரு பக்கம் ஆப்டிகல் உள்ளே போகும். மறு பக்கம் சிவப்பும் வெள்ளையும் வெளியே வரும். டிஜிட்டலை அனலாக் ஆக்குகிற டேக் என்றான். அட்டைப்பெட்டியில் ‘110 டெசிபல்’ என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது.

“சத்தமா?” என்று கேட்டேன்.

“இல்ல மச்சான், அமைதி. பெட்டி போடுற ஆகப் பெரிய சத்தத்துக்கும் அதோட சொந்த இரைச்சலுக்கும் நடுவுல உள்ள தூரம்.”

அமைதியைப் பணம் கொடுத்து வாங்கிய முதல் ஆள் எங்கள் லயத்தில் நான்தான்.

இணைக்கிற வேலையை மச்சானே செய்தான். ஆப்டிகல் வயரின் இரண்டு முனையிலும் இருந்த பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றினான். டீவி மெனுவுக்குள் போய் சத்தத்தை பி.சி.எம். என்று மாற்றினான், டால்பியில் விட்டால் இந்தப் பெட்டிக்கு அந்தப் பாஷை புரியாதாம். அதுவரை எல்லாம் அழகு. பிறகு சிவப்பு, வெள்ளையை ஃபோனோ என்று எழுதியிருந்த துளையில் சொருகினான். அது இசைத்தட்டு ஊசிக்கு உரிய இடம். ஊசி கொடுப்பது 5 மில்லிவோல்ட் போல. பெட்டி கொடுப்பதோ 2 வோல்ட், 400 மடங்கு. செய்தி வாசித்தவர் தொண்டைக்குள் லொறி ஏறியது. வாசலில் படுத்திருந்த நாய் தொழிற்சாலை வரை போய் அந்திக்குத்தான் திரும்பியது. மச்சான் ஒன்றும் பேசாமல் வயரைச் சி.டி. என்ற துளைக்கு மாற்றினான்.

இப்போது பேச்சு தெளிவாக வந்தது. அதோடு ம்ம்ம் என்று ஓர் அடிக்குரலும் வந்தது. “குளவிக்குக் கோவம்” என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். உண்மையில் அது கரண்டின் 50 ஹேர்ட்ஸ். டிஷ் அன்டெனா வயர் வழியாக டீவிக்கு ஓர் எர்த், ரிசீவருக்குத் தன் பிளக்கில் இன்னோர் எர்த். ஆப்டிகல் வயரில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. ஆகவே இரண்டும் தொட்டுக்கொள்ள வழியில்லை. ஆனால் பெட்டிக்கு வேண்டிய 5 வோல்ட்டை மச்சான் டீவியின் யு.எஸ்.பி.யிலிருந்தே எடுத்திருந்தான். ஒளி பிரித்து வைத்ததை யு.எஸ்.பி. சேர்த்து வைத்துவிட்டது. போன் சார்ஜரில் மாட்டியதும் ம்ம்ம் நின்றது. குளவியின் கோபம் தணிந்ததில் அம்மாவுக்கும் திருப்தி.

“சரி, இந்தப் பெட்டி என்னாதான் செய்யுது?” என்று அவர் கேட்டார்.

முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவருக்கு எப்படிச் சொல்வது? கொழுந்தைக் கொண்டே சொன்னேன். சத்தம்தான் கொழுந்து. அதை ஒரு விநாடிக்கு 48,000 தடவை தராசில் போட்டு நிறுத்து, ஒவ்வொரு நிறுவையையும் இலக்கமாகக் குறித்துக்கொள்கிறார்கள். டீவிக்குள் வருவது அந்தக் கணக்குப் புத்தகம் மட்டும். புத்தகத்தைப் பார்த்துப் பழையபடி கொழுந்தைக் கொட்டிக் காட்டுவது இந்தப் பெட்டி.

அம்மா முகம் மாறியது. “நிறுக்கிறப்போ தண்ணிக்கின்னு வெட்டுவாங்களா?”

“வெட்டமாட்டாங்கம்மா.”

“சாக்குக்கு?”

“இல்ல. 65,536 படி இருக்கு. எந்தப் படி கிட்டவோ அதுல போட்டுக் குறிப்பாங்க. சிலநேரம் கொஞ்சம் கூடும், சிலநேரம் கொஞ்சம் குறையும்.”

“கூடுமா?” அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “கூட்டிக் குறிக்கிற தராச நான் எந்த மலையிலும் பாக்கலடா.”

ஒரு விநாடிக்கு 48,000 நிறுவை என்பதையும் அவர் நம்பவில்லை. நாளுக்கு மூன்று நிறுவைக்கே பட்டபாடு அவருக்குத் தெரியும்.

அடுத்து ரிசீவரின் கையேட்டைப் புரட்டிய மச்சான் ஒரு குண்டைப் போட்டான். டேக் அரும்பாடுபட்டு அனலாக் ஆக்கி அனுப்புவதை இந்த ரிசீவர் வாங்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குகிறதாம். பேஸ் எந்த ஸ்பீக்கருக்கு, எவ்வளவு தாமதம் என்றெல்லாம் கணக்குப் போட அதற்கு இலக்கம்தான் வேண்டும். கணக்கு முடிந்ததும் தன் சொந்த டேக்கால் திரும்ப அனலாக் ஆக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் நேர்த்தி நடுவழியிலேயே காலி.

அம்மா அதைச் சட்டெனப் பிடித்துக்கொண்டார். “நிறுத்துக் கொட்டினத அள்ளி மறுபடியும் நிறுக்கிறதா? அப்பறம் எங்க கிலோ தேறும்? அரைப்பேரு, அரைநாள் சம்பளந்தான்.”

அதற்கும் மருந்து இருந்தது. ரிசீவரின் முகத்தில் ‘டைரக்ட்’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் இரண்டாவது நிறுவை கிடையாது. வந்த அனலாக் நேரே ஸ்பீக்கருக்குப் போகும். கூடவே பேஸ், ட்ரெபிள் திருகுகளும் வேலை செய்யாது. மச்சான் பொத்தானை அமுக்கி, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே பாயைப் போட்டு, என்னை உட்காரவைத்து, “இப்பக் கேளுங்க” என்றான்.

மழை பிடித்தது.

தகரக் கூரைக்கு அடியில் வாழாதவர்களுக்கு இதைக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். சத்தமில்லாத ராத்திரி அறையில் 30 டெசிபல் இருக்கும். அதற்கு மேல் பெட்டியின் 110 முழுவதையும் கேட்க வேண்டுமென்றால், ஆகப் பெரிய சத்தம் 140க்குப் போக வேண்டும். காது வலிக்கத் தொடங்குவது 120, 130 பக்கம். சாதாரணப் பேச்சு 60. பேச்சையே விழுங்குகிற மழையை 70 என்று வைத்தால், கூட்டி 180. அந்தச் சத்தத்தை நல்லதண்ணியில் போட்டால் எதிரே சிவனொளிபாத மலையில் 2,243 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாதம் அடுத்த எட்டு எடுத்து வைத்துவிடும். சிவனுடையதா, புத்தருடையதா, ஆதமுடையதா என்ற பழைய கேள்விக்கும் அப்போது முகம் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம்.

மழை விட்டால் கேட்கலாமே என்பீர்கள். எங்கள் ஊர்க் கலண்டரைப் பாருங்கள். மார்கழிப் போயாவோடு சிவனொளிபாத மலை சீசன் தொடங்கும். ஹட்டனிலிருந்து விடிய விடிய பஸ், கடைக்குக் கடை ஸ்பீக்கர், பிள்ளைகள் கையிலெல்லாம் ஊதுகுழல். வெசாக்கோடு சீசன் முடியும். முடிந்த கையோடு தென்மேல் பருவமழை வந்து புரட்டாதி வரை தகரத்தில் குடியிருக்கும். ஐப்பசியில் இடி. முதல் மின்னலுக்கே அம்மா வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார். ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவே ஏதாவது ஒரு நல்ல சாயங்காலம் அகப்படலாம். அன்றைக்குப் பார்த்து லயத்தில் சடங்கு வீடு இருக்கும்.

உண்மையான அமைதி வராமலில்லை. 2022 பங்குனியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, சீசன் நடுவில், பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இல்லாத கடைகளின் ஸ்பீக்கரெல்லாம் வாயை மூடின. மழையும் இல்லை. 110 டெசிபலையும் உட்கார்ந்து ரசிக்க அப்படியொரு பகல் அமையாது. பெட்டியும் ரிசீவரும்கூட அமைதியாகத்தான் இருந்தன. இத்தனைக்கும் கரண்ட் பிறக்கிற மவுசாகலைத் தண்ணீர் எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்.

அண்மையில் மச்சான் போன் பண்ணி, கடைக்கு 120 டெசிபல் பெட்டி வந்திருக்கிறது, எடுத்து வைக்கவா என்று கேட்டான். அது இரவு நாடக நேரம். வெளியே மழை. மழையென்றால் அம்மா ரிசீவரை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். மருமகள் என்ன சொல்வாள், மாமியார் என்ன பதில் கொடுப்பாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டில் மற்றவர்களுக்காக வாய்விட்டுச் சொல்லியும் காட்டுவார். இந்த மலை நிரையிலிருந்து அந்த மலை நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. தகரத்தையும் மழையையும் தாண்டி ஒவ்வொரு சொல்லும் போனில் கொழும்பு வரை போயிருக்கிறது.

“மச்சான், புது ஸ்பீக்கர் போட்டுட்டீங்களா?” என்றான்.